தபால்காரர் கடிதத்தைத் திருத்துவாரா?

நடுவர் அவர்களுக்கும் அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம். தலைப்பை ஒரு முறை சொல்லிவிட்டு ஆரம்பிக்கிறேன். 'இடைக்கால இஸ்லாமிய உலகத்து மருத்துவர்கள் செய்த பெரும்பணி, கிரேக்க மருத்துவத்தைக் காப்பாற்றிக் கொடுத்ததா, கேள்வி கேட்டுத் திருத்தியதா?' நான் திருத்தியதே என்ற அணி.

எதிரணித் தலைவர் நன்றாகப் பேசினார், அதில் சந்தேகம் இல்லை. பேச்சின் நடுவில் ஒரு வார்த்தை சொன்னார், அதற்குத்தான் அதிகம் கைதட்டினீர்கள். 'கிரேக்கர்கள் எழுதிய கடிதத்தை நனையாமல் கிழியாமல் வைத்திருந்து ஐரோப்பாவிடம் சேர்த்த தபால்காரர்கள் இவர்கள்' என்றார். எனக்கு அங்கேதான் சுருக்கென்றது. தபால்காரர் வேலை மரியாதையான வேலை. ஆனால் எந்தத் தபால்காரரும் உறையைப் பிரித்துப் படித்து, 'ஐயா, நீங்கள் மூன்றாவது பத்தியில் எழுதியது தப்பு, நான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்' என்று ஓரத்தில் எழுதி வைக்க மாட்டார். நான் சொல்லப்போகிறவர்கள் அப்படி எழுதியவர்கள்.

முதலில் உங்களை எகிப்துக்குக் கூட்டிப் போகிறேன். 1200-லிருந்து 1202 வரை அங்கே கொடும்பஞ்சம். நைல் போதிய அளவு பெருகவில்லை, பயிர் இல்லை, ஜனங்கள் வழியெல்லாம் செத்து விழுந்தார்கள். அந்த நேரத்தில் அங்கே இருந்தவர் அப்துல் லத்தீஃப் அல்-பக்தாதி, பக்தாத்தில் 1162-ல் பிறந்த மருத்துவர். அவரிடம் சில பேர் மருத்துவம் படித்துக்கொண்டிருந்தார்கள். பாடம் உடற்கூறு, புத்தகம் கேலன் எழுதியது. கேலன் யார் என்றால் கி.பி. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் இருந்த கிரேக்க மருத்துவர், ஆயிரம் வருஷத்துக்கு அவர் சொன்னதுதான் மருத்துவத்தில் கடைசி வார்த்தை. படிக்கிறார்கள், ஆனால் விளங்கவில்லை. எலும்பு எப்படி எதோடு சேர்கிறது என்பதை வார்த்தையில் எவ்வளவு எழுதினாலும் பாதிதான் மனசில் நிற்கும், சொல்லிக்கொடுப்பவருக்கும் அதே கதிதான் என்று அப்துல் லத்தீஃபே எழுதியிருக்கிறார். அப்போது யாரோ சொன்னார்கள், கெய்ரோவை ஒட்டிய மக்ஸ் என்ற இடத்தில் பஞ்சத்தில் இறந்தவர்களின் எலும்புகள் மேடாகக் குவிந்து கிடக்கின்றன என்று. ஆசிரியரும் மாணவர்களும் கிளம்பிப் போனார்கள்.

அந்த மேட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பாருங்கள். அந்த எலும்புகளுக்குச் சொந்தக்காரர்கள் பசியில் செத்தவர்கள், அடக்கம் செய்யக்கூட ஆள் இல்லாதவர்கள். அதற்கு நடுவில் குனிந்து ஒவ்வொரு மண்டையோடாக எடுத்து, அதன் கீழ்த்தாடையை மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தார் அப்துல் லத்தீஃப். ஏன் தாடை? கீழ்த்தாடை இரண்டு எலும்பு, மோவாயில் ஒன்றோடு ஒன்று இணைந்திருக்கிறது என்று கேலன் எழுதியிருந்தார். இவர் கையில் இருந்த தாடையில் இணைப்பே இல்லை. ஒன்றில் இல்லை, பத்தில் இல்லை, நூறில் இல்லை. ஒருவேளை எலும்பு பழசாகி ஒட்டிக்கொண்டதோ, தன் கண்தான் தவறவிடுகிறதோ என்றெல்லாம் அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும், ஏனென்றால் அவர் நிறுத்தவில்லை. 2,000-க்கும் மேற்பட்ட மண்டையோடுகளைப் பார்த்தார். தான் இருக்கும்போதும் இல்லாதபோதும் மற்றவர்களையும் பார்க்கச் சொன்னார். அவர்களும் ஒரே எலும்பு என்றுதான் சொன்னார்கள். பஞ்சத்து எலும்போடு விடாமல் பழைய கல்லறைகளுக்கும் போய்ப் பார்த்தார். அப்புறம்தான் எழுதினார். கேலன் எவ்வளவு கவனமாக ஆராய்ந்து எழுதியவராக இருந்தாலும், கண்ணால் காண்பது அவரைவிட நம்பத் தகுந்தது என்ற கருத்தை.

நாய்க்கும் மாட்டுக்கும் கீழ்த்தாடை இரண்டு பாதியாகத்தான் இருக்கும். மனித உடலை அறுத்துப் பார்க்க வழியில்லாத கேலன் பெரும்பாலும் விலங்குகளை வைத்தே எழுதினார், பிழை வந்த வழி அது. ஐரோப்பாவில் இதே தாடையை உடற்கூற்று அறிஞர் வெசாலியஸ் திருத்தியது 1543-ல், அப்துல் லத்தீஃபுக்கு ஏறக்குறைய 340 வருஷம் கழித்து. கடிதத்தைக் கொண்டு போனவர் இரண்டாயிரம் மண்டையோட்டைப் புரட்டிப் பார்த்திருக்க வேண்டிய அவசியம் என்ன, எதிரணி சொல்லட்டும்.

அடுத்து, எதிரணியின் இரண்டாவது பேச்சாளர், அந்தச் சகோதரி, ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கைப் பற்றி உருகிப் பேசினார். எனக்கும் ஹுனைன் மேல் அவ்வளவு பிரியம் உண்டு. 9-ஆம் நூற்றாண்டு பக்தாத், இவர் கிறிஸ்தவர், கேலனின் நூல்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல் இவராலும் இவரைச் சேர்ந்தவர்களாலும் சிரியாக்குக்கும் அரபிக்கும் வந்தன. (இந்த 'இஸ்லாமிய உலகம்' என்பதில் கிறிஸ்தவர், யூதர், ஸாபியர் எல்லோரும் உட்கார்ந்து வேலை பார்த்தார்கள், அதை இரண்டு அணியும் மறக்கக் கூடாது.) ஆனால் அவர் வேலை செய்த விதத்தைப் பாருங்கள். கேலனின் ஒரே ஒரு நூலைத் தேடி மெசபடோமியா, சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்ஸாந்திரியா வரைக்கும் அலைந்தார், கடைசியில் டமாஸ்கஸில் பாதி மட்டும் கிடைத்தது. கிடைத்த பிரதியை அப்படியே நம்பவும் மாட்டார். ஒரே நூலுக்குப் பல பிரதிகளைச் சேகரித்து, ஒன்றோடு ஒன்று ஒப்பிட்டு, எது சரியான பாடம் என்று முடிவு செய்த பிறகுதான் மொழிபெயர்ப்பார். சின்ன வயதில் தானே செய்த மொழிபெயர்ப்பைப் பிற்பாடு எடுத்துத் திருத்தியிருக்கிறார். அது போதாதென்று கண் மருத்துவத்துக்குத் தனியாகப் பத்துக் கட்டுரைகள் எழுதினார். எதிரணியின் முதல் சாட்சியே எங்கள் பக்கம் வந்து நிற்கிறார், நடுவர் அவர்களே.

யூனானி என்ற பெயரையும் அந்தச் சகோதரி எடுத்துக்கொண்டார். சென்னை அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 'யூனான்' என்றால் கிரேக்கம், பெயரிலேயே கடன் தெரிகிறதே என்றார். தெரியட்டுமே. வாங்கிய கடனைப் பெயர்ப்பலகையிலேயே எழுதி வைத்திருப்பது நேர்மை. கடன் வாங்கினார்களா இல்லையா என்பது இங்கே தலைப்பு இல்லை, வாங்கியதை வைத்து என்ன செய்தார்கள் என்பதுதான்.

சரி, என்ன செய்தார்கள்? இதற்கு முதலில் பீமாரிஸ்தானைப் பற்றிச் சொல்ல வேண்டும். பீமார் என்றால் நோயாளி, ஸ்தான் இடம், பாரசீகச் சொல். பக்தாத்தில் 982-ல் திறந்த அளுதி மருத்துவமனையில் 24 மருத்துவர்கள் இருந்தார்கள். டமாஸ்கஸில் 1154-ல் நூரி, கெய்ரோவில் 1284-ல் மன்ஸூரி. எனக்கு இவற்றின் கட்டடங்களைவிட முக்கியமாகப் படுவது வேறு. ஒருவர் வீட்டுக்குப் போய் ஒரு நோயாளியைப் பார்க்கிற வைத்தியருக்கு, அந்த நோயாளி மட்டும்தான் தெரியும். ஒரே கூரைக்குக் கீழே ஒரே மாதிரிக் காய்ச்சலோடு இருபது பேர் வரிசையாகப் படுத்திருந்தால், புத்தகத்தில் சொன்னபடி எத்தனை பேருக்கு நடக்கிறது, எத்தனை பேருக்கு நடக்கவில்லை என்பது கண்ணில் பட்டே தீரும். கேலனுக்கு எதிரான முதல் கேள்வி அந்தக் கட்டில்களுக்கு நடுவில் நடந்தபோதுதான் பிறந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

அப்படி நடந்தவர்களில் பெரியவர் அர்-ராஸி. இன்றைய தெஹ்ரானை ஒட்டிய ரய் நகரத்துக்காரர், ரய்யிலும் பக்தாத்திலும் மருத்துவமனைகளை நடத்தியவர், 925 வாக்கில் இறந்தார். இவரைப் பற்றி ஒரு கதை அடிக்கடி வரும், பக்தாத்தில் மருத்துவமனைக்கு இடம் தேட ஊரின் பல மூலைகளில் இறைச்சியைத் தொங்கவிட்டு, எங்கே மெதுவாகக் கெடுகிறதோ அங்கே கட்டச் சொன்னார் என்று. அளுதியைச் சேர்த்துச் சொல்லும்போது அந்தக் கதை பொருந்தாது, அது திறந்தபோது ராஸி இறந்து ஐம்பது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. எங்கள் அணிக்கு அந்தக் கதை தேவையும் இல்லை. அவர் கையால் எழுதியதே போதும்.

அப்துல்லா இப்னு ஸவாதா என்று ஒரு நோயாளி. ஒரு சமயம் தினமும் காய்ச்சல், ஒரு சமயம் ஒருநாள் விட்டு ஒருநாள், சில சமயம் ஆறு நாளுக்கு ஒரு முறை. காய்ச்சலுக்கு முன்னால் லேசாகக் குளிர் நடுக்கம், அடிக்கடி சிறுநீர். ராஸி இரண்டு வாய்ப்பு சொன்னார், ஒன்று இது இரண்டு நாள் விட்டு மறுபடி வரும் நாலாம் முறைக்காய்ச்சலாக மாறும், இல்லையென்றால் சிறுநீரகத்தில் புண் இருக்கிறது. கொஞ்ச நாளில் சிறுநீரில் சீழ் வந்தது. சிறுநீரகம்தான் என்று உறுதியானது, இனி இந்தக் காய்ச்சல் வராது என்று சொன்னார், வரவில்லை, சுமார் இரண்டு மாதத்தில் ஆள் குணமானார். இந்த இடத்தில் எந்த மருத்துவரும் நோட்டை மூடியிருப்பார். ராஸி மூடவில்லை. நான் முதலிலேயே உறுதியாகச் சொல்லாமல் போனது ஏன் என்று எழுதுகிறார். எழுந்து நின்றால் இடுப்பில் ஏதோ பாரம் தொங்குவது போல் இருக்கிறது என்று நோயாளி என்னிடம் சொல்லவில்லை, நானும் அதைக் கேட்கத் தவறிவிட்டேன் என்கிறார்.

ஆயிரத்து நூறு வருஷத்துக்கு முன்னால், ஊரே கொண்டாடிய மருத்துவர், நோயாளி பிழைத்த பிறகும், 'நான் கேட்கத் தவறிவிட்டேன்' என்று தன் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். இதை முதல் தடவை படித்தபோது நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். தன்னையே இப்படி விசாரிக்கிற மனிதர் கேலனை மட்டும் விட்டுவிடுவாரா? அவர் எழுதிய ஒரு நூலின் பெயரே 'கேலன் மீதான ஐயங்கள்'. அதன் தொடக்கத்தில், எனக்கு மற்ற எல்லோரையும்விட அதிகம் கொடுத்தவரை எதிர்ப்பது மனசுக்கு வலிக்கிறது, ஆனால் மருத்துவம் என்பது பெரியவர் சொன்னார் என்பதற்காக ஒத்துக்கொள்கிற கலை இல்லை என்ற பொருளில் எழுதுகிறார். மூளைக்காய்ச்சல் போன்ற ஒரு நோய்க்கு இரத்தம் எடுப்பது உதவுமா என்று பார்க்க, ஒரு கூட்டத்துக்கு எடுத்து, இன்னொரு கூட்டத்துக்கு வேண்டுமென்றே எடுக்காமல் விட்டு ஒப்பிட்டதாகவும் எழுதியிருக்கிறார். இரத்தம் எடுப்பது நல்லது என்று அவர் முடிவு கட்டியது இன்றைய மருத்துவத்துக்குத் தவறு. ஒப்பிட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற எண்ணம் தவறில்லை.

அம்மை விஷயத்திலும் அதேதான். பெரியம்மைக்கும் தட்டம்மைக்கும் தனியாக ஒரு நூல் எழுதி, முதுகுவலி பெரியம்மையில் அதிகம், குமட்டலும் பரபரப்பும் தட்டம்மையில் அதிகம் என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று பார்த்ததைப் பிரித்துச் சொன்னார். காரணம் என்று அவர் சொன்னது, இரத்தம் பொங்குவதால் வருகிறது என்பது, நிற்கவில்லை. பார்த்துச் சொன்னது நின்றது. 1848-ல்கூட அந்த நூலை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து அச்சிட்டார்கள்.

இப்போது ஸ்பெயினுக்கு வாருங்கள், அன்றைக்கு அந்தலுஸ். கொர்தோபாவை ஒட்டிய நகரத்தில் அஸ்-ஸஹ்ராவி, 30 பாகத்தில் மருத்துவ நூல் எழுதியவர், கடைசிப் பாகம் அறுவை சிகிச்சை, அதில் ஏறக்குறைய 200 கருவிகளின் படங்கள். கட்டியைக் கீற வரும்போது நோயாளி கத்தியைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்பதற்காக, அலகு உள்ளே மறைந்திருக்கிற கத்தி ஒன்றைக்கூட வரைந்து காட்டியிருக்கிறார். அவர் எழுதிய ஒரு சம்பவம்: ஒரு அடிமைப்பெண் தன் தொண்டையைத் தானே கத்தியால் கீறிக்கொண்டாள். அவரைக் கூப்பிட்டார்கள். போய்ப் பார்த்தால் அறுபட்ட ஆடு மாதிரி ஒரு சத்தம், காயத்தின் வழியே காற்று போய்வருகிறது. ஆனால் பெரிய இரத்தக்குழாய் எதுவும் அறுபடவில்லை, இரத்தமும் அதிகம் இல்லை. அவசரமாகத் தைத்தார். அவள் பிழைத்தாள், குரல் மட்டும் கொஞ்சம் கம்மிப் போனது. மூச்சுக்குழாயை வெட்டினால் ஆறாது என்று பயந்துகொண்டிருந்த காலத்தில், அதைத் திறப்பதில் அந்த அளவு ஆபத்து இல்லை என்று அந்தப் பெண்ணை வைத்து அவர் எழுதினார்.

நூறு வருஷத்துக்கும் மேல் கழித்து செவில்லாவில் இப்னு ஸுஹ்ர். மூச்சுக்குழாயைத் திறக்கலாமா கூடாதா என்று முன்னோர்கள் எழுதியதையெல்லாம் படித்தார், படித்துவிட்டு ஒரு வெள்ளாட்டைப் பிடித்தார். அதன் மூச்சுக்குழாயில் ஒரு விதை அளவுக்குத் துண்டு வெட்டி எடுத்தார், தேனும் தண்ணீரும் விட்டுக் காயத்தைக் கழுவிக்கொண்டே வந்தார், புண் ஆறியது, ஆடு அதற்கப்புறம் ரொம்ப நாள் உயிரோடு இருந்தது. மனிதர் மேல் கை வைப்பதற்கு முன்னால் ஒரு விலங்கில் செய்து பார்க்க வேண்டும் என்று நினைத்த அந்த மனசு எந்தக் கடிதத்தில் வந்தது?

எதிரணி மிகவும் நம்பியிருக்கிற இடத்துக்கு வருகிறேன், அதைத் தாண்டிப் போனால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆக மாட்டேன். இப்னு நஃபீஸ். டமாஸ்கஸின் நூரி மருத்துவமனையில் படித்து, கெய்ரோவில் வாழ்ந்து, 1288-ல் இறந்தவர், தன் வீட்டையும் நூல்களையும் மன்ஸூரி மருத்துவமனைக்கே எழுதி வைத்தவர். நமக்குப் பள்ளிக்கூடத்தில் இரத்த ஓட்டம் என்றால் 1628, வில்லியம் ஹார்வி, அதோடு முடிந்தது. 1242-ல், 29 வயதில், பெரிய மருத்துவர் இப்னு சீனாவின் 'கானூன்' என்ற மருத்துவ நூலின் உடற்கூற்றுப் பகுதிக்கு இப்னு நஃபீஸ் ஓர் உரை எழுதினார். உரை என்றால் மூலத்துக்கு விளக்கம் சொல்வது மட்டும் இல்லை என்று தமிழ் படித்த நமக்குத் தெரியும், மாறுபடுகிற இடத்தில் மாறுபட்டுச் சொல்வதும்தான் உரை. இதயத்தின் வலது அறையிலிருந்து இடது அறைக்கு, நடுச்சுவரில் உள்ள கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியே இரத்தம் போகிறது என்பது கேலன் சொன்னது. இப்னு நஃபீஸ் எழுதினார்: அந்தச் சுவர் கெட்டியானது, கண்ணுக்குத் தெரிகிற துளையும் இல்லை, தெரியாத துளையும் இல்லை. ஆகவே இரத்தம் வலது அறையிலிருந்து நுரையீரலுக்குப் போய், அங்கே காற்றோடு கலந்து, பிறகுதான் இடது அறைக்கு வர வேண்டும். கேலனையும் இப்னு சீனாவையும் ஒரே பத்தியில் மறுத்துவிட்டார். ஐரோப்பாவில் இந்தப் பாதையை ஸ்பானிய மருத்துவர் செர்வெட்டஸ் அச்சில் எழுதியது 1553-ல்.

எதிரணி இதற்கு இரண்டு பதில் வைத்திருக்கிறது. ஒன்று, அவர் உடலை அறுத்துப் பார்த்ததில்லை என்று அவரே சொல்கிறாரே என்பது. ஆமாம், மார்க்கச் சட்டமும் தன் இரக்கமும் தடுப்பதாக எழுதியிருக்கிறார். அப்படியானால் வேலை இன்னும் கடினம். அடுத்தவர் எழுதிய விவரங்களை அடுக்கி வைத்து, இவை ஒன்றோடொன்று பொருந்தவில்லையே என்று யோசித்தே பிழையைப் பிடித்திருக்கிறார்.

இரண்டாவது பதில்தான் கனமானது. இந்த உரையை பெர்லின் நூலகத்துச் சுவடி ஒன்றில் எகிப்திய மருத்துவர் முஹ்யித்தீன் அத்-தத்தாவி கண்டெடுத்தது 1924-ல். அதுவரை உலகுக்குத் தெரியாத திருத்தம் எப்படிப் பெரும்பணி ஆகும் என்று கேட்டார்கள். நடுவர் அவர்களே, இந்த இடத்தைக் கொஞ்சம் கவனிக்க வேண்டுகிறேன். 'உலகு' என்று அவர்கள் சொல்வது யாரை? காப்பாற்றிக் கொடுத்தார்கள் என்பது வாங்கிக்கொண்டவர் எழுதிய கணக்கு. ஐரோப்பாவின் வாசலுக்கு வந்து சேர்ந்தது எல்லாம் அந்தக் கணக்கில் வரவு, வந்து சேராதது எதுவுமே நடக்கவில்லை. ஹுனைனின் கேலனும் இப்னு சீனாவின் கானூனும் லத்தீனுக்குப் போகும் வழியில் இருந்தன, வரவு வைத்தார்கள். மக்ஸ் மேட்டில் குனிந்து நின்றவரும், கெய்ரோவில் உரை எழுதிய இளைஞரும் அந்த வழியில் நிற்கவில்லை, அதனால் இவர்கள் வேலை செய்யாதவர்கள் ஆகிவிட்டார்கள். காய்ச்சலோடு படுத்திருந்த, ராஸியின் நோயாளி அப்துல்லாவுக்கு ஐரோப்பா என்ன செய்யப்போகிறது என்பது தெரியாது. அவருக்கு வேண்டியிருந்தது தன் பக்கத்தில் நின்று யோசிக்கிற ஒரு மருத்துவர், அவர் கிடைத்தார்.

ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். இரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம் என்று உடலில் நாலு நீர் வைத்துக் கேலன் நிலைநிறுத்திய அந்தச் சட்டகத்தை இவர்களில் யாரும் உடைக்கவில்லை. ராஸி ஆட்டிப் பார்த்தார், ஆனாலும் அது நின்றது. இப்னு சீனாவோ அதை இன்னும் ஒழுங்காக அடுக்கிக் கட்டினார், அவரை இரண்டு அணியும் பங்கு போட்டுக்கொள்ளலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆனால் அந்தச் சட்டகத்துக்குள்ளேயே நின்றுகொண்டு எவ்வளவு தூரம் போனார்கள் என்பதற்குக் கடைசியாக ஒருவர்.

1348, 49. கொள்ளைநோய் கிரனடா பக்கம் வந்துவிட்டது. நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தானாகத் தொற்றுவதில்லை என்பது நபிமொழியை வைத்து மார்க்க அறிஞர்கள் பலர் சொன்னது. கிரனடாவின் அமைச்சரும் மருத்துவருமான இப்னுல் கதீப் அதைக் கையில் எடுத்தார். நோயாளியோடு இருந்தவர் சாகிறார், விலகியிருந்தவர் பிழைக்கிறார், ஒரு சட்டை, ஒரு பாத்திரம், ஏன், ஒரு காதணி வழியாகக்கூட ஒரு வீட்டுக்குள் நோய் வருகிறது, நல்லபடியாக இருந்த துறைமுகத்துக்கு நோய்கண்ட ஊரிலிருந்து ஒருவர் வந்து இறங்கிய பிறகு அங்கே பரவுகிறது என்று பார்த்ததையும் கேட்டதையும் வரிசையாக வைத்தார். கண்கண்ட சான்றோடு ஒரு மரபுச் செய்தி மோதினால், அந்தச் செய்திக்கு வேறு பொருள்தான் கொள்ள வேண்டும் என்று எழுதினார். அவர் நம்பிக்கையுள்ள முஸ்லிம். ஊர் முழுக்கச் சாவு, எதிரே பெரிய அறிஞர்கள், அந்த நிலையில் அவர் காதணியைச் சான்றாக எடுத்துக் காட்டினார்.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். எதிரணித் தலைவர் தன் முடிவுரையில் அந்தத் தபால்காரரை மறுபடி கூப்பிடுவார் என்று தெரியும். கூப்பிடும்போது, அந்தக் காதணியும் அந்தத் தாடை எலும்பும் எந்த உறைக்குள் வைத்து அனுப்பப்பட்டவை என்று மட்டும் அவர் சொல்லட்டும் என்று கேட்டு, தீர்ப்பை எங்கள் அணிக்கு வேண்டி அமர்கிறேன். நன்றி, வணக்கம்.